கால் சுற்று

பதினான்கு வீடு. ஆறு பூட்டியே கிடக்கும்.
சாவிகள் என் அறைச் சுவரில், ஆணிக்கு ஒன்றாய்:
சிங்கப்பூர், ஜோகூர், துபாய், இன்னொரு சிங்கப்பூர்.
கல்யாணம் காட்சி என்று வருவார்கள்,
நாலு நாள் ஏசி ஓடும்,
ஐந்தாம் நாள் சாவி மறுபடி ஆணிக்கு.

காரைக்குடியில், செக்காலை ரோட்டுக்குப் பின்னால் மூன்று மாடி.
வேலைக்கு எடுத்த தாளில் நான் மேனேஜர்.
பார்சல் பையன் வாயில் வாட்ச்மேன்.
இரண்டாம் மாடிக் குழந்தைக்கு மோட்டார் மாமா.
பெயர் உடையப்பன்.
உடையது என்று பார்த்தால்
ஒரு டிவிஎஸ் எக்ஸல், ஒரு டார்ச், பஞ்சவர்ணம்.
(அவள் காதில் விழுந்தால் தொலைந்தேன்,
கடைசியை அடித்துவிடுகிறேன்.)

அறைக்கு வாடகை இல்லை.
சம்பளம் பேசும்போதே சொன்னார்கள்,
மூன்று தடவை சொன்னார்கள்.
படி கூட்ட ஆள் உண்டா என்று கேட்டேன்.
"வீட்டுல அம்மா சும்மாதான இருப்பாங்க" என்றார்
செக்ரட்டரி வயிரவன்.
சும்மா இருக்கிறவள் அன்று முதல்
ஐம்பத்தாறு படி கூட்டுகிறாள்.

மொட்டைமாடியில் வால்வுகள் வரிசையாய்.
வீட்டு எண்ணை நான்தான் வெள்ளை பெயிண்டில் எழுதினேன்.
எந்தக் கைப்பிடி இறுகும், எது ஆடும்,
எதற்குத் தேங்காயெண்ணெய் விட வேண்டும்,
இதெல்லாம் தாளில் இல்லாத வேலை.

மூன்று-பி ஜெயசீலி
அரசுக் கல்லூரியில் தாவரவியல்.
கௌரவ விரிவுரையாளர்.
"கௌரவம் மாசாமாசம் வந்துருதுண்ணே,
சம்பளம்தான் நாலு மாசமாக் காணோம்"
என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.
பராமரிப்புத் தொகையும் நாலு மாதமாய்க் காணோம்.
குரூப்பில் செய்தி வந்தது:
மூன்று-பி தண்ணீரை நிறுத்தவும். மேனேஜர் கவனிக்கவும்.
கீழே ஏழு கட்டைவிரல்கள்.
அதில் இரண்டு, பூட்டிய வீட்டுக்காரர்களுடையவை.

கவனித்தேன்.
பங்குனி வெயிலில் கைப்பிடி சுட்டது,
துண்டைச் சுற்றிக்கொண்டு திருகினேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை.
வந்திருந்தால் எனக்குச் சுலபம்.
விடிந்ததும் இரண்டு வாளியோடு இறங்கினார்,
என் அறை வாசல் குழாயில் பிடித்தார்,
"லிஃப்ட்ல போங்க டீச்சர்" என்றேன்.
"தண்ணி கொண்டுபோகக் கூடாதுன்னு
நீங்கதான போர்டு எழுதி ஒட்டுனீங்க."
ஆமாம். என் கையெழுத்து.

ஐம்பத்தாறு படியும் ஈரம்.
பஞ்சவர்ணம் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனாள்.
அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை,
சோறு மட்டும் போட்டாள்,
ரசத்தில் உப்பில்லை.

நானும் ஏதோ நினைவில்
மோட்டாரை அணைக்க மறந்தேன்.
தொட்டி நிறைந்து, வழிந்து,
தெற்குச் சுவர் நெடுக இறங்கி
மூன்று-பி ஜன்னல் சன்ஷேடில்
முக்கால் மணி நேரம் கொட்டியது
இந்த ஊர்த் தண்ணீர்.
வெளியூருக்கு வாக்கப்பட்ட பெண்கள்
பாட்டிலில் பிடித்துப்போகிற தண்ணீர்.
அபராதம் ஐம்பது ரூபாய்.
செக்ரட்டரி ரசீது கொடுத்தார்.
அவர் எதற்கும் ரசீது கொடுப்பார், நல்ல மனிதர்.

இரவு பத்தரைக்கு மேலே போனேன்.
டார்ச் போடவில்லை.
பதினொன்றாவது வால்வு, கைக்குத் தெரியும்.
முழுசாய்த் திறந்தால் குழாய் குலுங்கி
கீழ் வீடு வரை கேட்கும்.
கால் சுற்று.
காதை வைத்துக் கேட்டேன்.
எறும்புச் சாரி மாதிரி
ஏதோ இறங்கிப் போனது.
ஒரு வாளி நிறைய அரை மணி ஆகும்.
ஆகட்டும், விடிய நேரம் இருக்கிறது.

காலையில் செக்ரட்டரி கேட்டார்:
"மூணு-பி மூடித்தான இருக்கு?"
"மூடித்தான் சார் இருக்கு."
முக்கால் பங்கு உண்மை.

அன்றும் ஜெயசீலி வாளியோடு இறங்கினார்.
ஒரே ஒரு வாளி, அதிலும் பாதி.
குழாயை மூடும்போது என்னைப் பார்க்கவில்லை,
என் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.
அதில் மொட்டைமாடிச் சுண்ணாம்பு.

செக்ரட்டரி நடைக்குக் கிளம்புகிற நேரம்.
முதல் திருப்பத்தில் படியில் நாலைந்து சொட்டு.
பஞ்சவர்ணம் துணியோடு வந்தாள்,
குனிந்தாள்,
துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.